மாசிப் பனி, ஒட்டுப் போர்வை, வீட்டு நாய் பூனை: உங்க கேள்விகளுக்குப் பதில்கள்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு பெரியவங்க சொல்வாங்க. அப்படித்தான் இருக்கு இப்போ, பகல்ல சுள்ளுன்னு வெயில், ராத்திரி ஆனா காது மடல் சில்லுனு ஆகுது, விடியக்காலைல போர்வைய விட்டு கால வெளிய நீட்ட மனசு வரல. போன இதழ்ல பழைய புடவைல க்வில்ட், அதாவது ஒட்டுப் போர்வை, தைக்கறதப் பத்தியும், குளிர் நேரத்துல நாய் பூனைய கவனிக்கறதப் பத்தியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தனித்தனியா வரும்னு பார்த்தா பாதி லெட்டர்ல ரெண்டும் கலந்தே வந்திருக்கு, அதுவும் சரிதான், தைக்க விரிச்ச துணி மேலதானே பூனை வந்து படுக்குது, தைச்சு முடிச்ச போர்வைல மொதல்ல உருளறது நாய்தானே. அதனால நானும் பிரிக்காம வந்த வரிசைலயே பதில் எழுதறேன்.

அக்கா, அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க காட்டன் புடவை பீரோ நிறைய இருக்கு, யாருக்கும் குடுக்க மனசில்ல, கட்டவும் முடியல, நிறைய நைஞ்சு போயிருக்கு. க்வில்ட் தைச்சு வெச்சுக்கலாம்னு ஆசை. சாதா தையல் மிஷின்தான் இருக்கு, ஜாக்கெட் தைக்கற அளவுக்குத் தெரியும். எங்க ஆரம்பிக்கறது?
– குன்னூர் வாசகி

ஜாக்கெட் தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தாராளமா வரும்மா, கழுத்து வளைவு, கை ஏத்தறது எதுவும் இதுல இல்ல, எல்லாமே நேர் தையல்தான். அம்மா புடவைய வெட்டறதுக்கு மனசு தயங்கும், அது எல்லாருக்கும் இருக்கறதுதான், ஆனா பீரோல மடிச்ச மடிப்புலயே கிழிஞ்சு போறதுக்கு நீங்க போத்திக்கற போர்வையா இருக்கறது எவ்வளவோ மேல்னு நான் நிஜமாவே நம்பறேன்.

மொதல்ல எல்லாப் புடவையையும் துவைச்சு காயவெச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிங்க. உக்காந்து எழுந்து புழங்கின இடம், தோள்ல பின் குத்தின இடம், இடுப்புல சொருகின இடம் இதெல்லாம் இழை விட்டுப்போய் வெளிச்சம் தெரியும். அந்த இடத்த ரெண்டு கையால பிடிச்சு லேசா இழுங்க, டர்ருனு வந்துருச்சுன்னா அது மேல் துணிக்கு ஆகாது. தூக்கிப் போட்டுறாதீங்க, மேல் துணிக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல வைக்கற லேயருக்கு ஆகும். பார்டர் ஓரமும் முந்தானையும் பெரும்பாலும் கெட்டியா இருக்கும், நல்ல பீஸெல்லாம் அங்கதான் கிடைக்கும். பட்டு, சிந்தெடிக் இருந்தா தனியா வெச்சுருங்க, காட்டனோட சேர்த்தா துவைக்கும்போது ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது, மொத்தமும் கோணிக்கும்.

இப்போ கணக்கு. சிங்கிள் கட்டிலுக்கு 60க்கு 90 இன்ச் அளவு வெச்சுக்கலாம். 6½ இன்ச் சதுரமா வெட்டி, கால் இன்ச் தையலுக்கு விட்டு சேர்த்தா ஒவ்வொரு சதுரமும் 6 இன்ச்சா நிக்கும், குறுக்க 10, நெடுக்க 15, ஆக 150 பீஸ். 5½ கஜம் புடவை முழுசா நல்லா இருந்தா அது ஒண்ணுலயே அதுக்கு மேல வந்துரும், ஆனா உங்களுக்கு அது வேண்டாமே, அம்மாவோட 15 புடவைலருந்து பத்துப் பத்து பீஸ் எடுத்தா போதும், நல்ல இடமா பார்த்துப் பொறுமையா எடுக்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக்கோங்க, இது ரொம்ப முக்கியம், பழைய காட்டன் நழுவும், கஞ்சி இல்லாம வெட்டினா சதுரமெல்லாம் சாஞ்சுதான் வரும். காய்கறி அட்டைப்பெட்டிலருந்து 6½ இன்ச்ல கெட்டி அட்டை ஒண்ணு வெட்டி வெச்சு அதச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டா எல்லா பீஸும் ஒரே அளவா வரும்.

பின்பக்கத்துக்கு ஒரு முழுப் புடவை எடுத்துக்கோங்க, நீளத்துல சரிபாதியா வெட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்து தைச்சா கிட்டத்தட்ட 90க்கு 99 இன்ச் வரும், மேல் துணிய விட சுத்தி மூணு நாலு இன்ச் பெருசா இருந்தாதான் வசதி, மிச்சத்த வெட்டிக்கலாம். நடுவுல என்ன வைக்கறதுன்னா, அந்த நைஞ்ச புடவையோட சேர்த்து உங்க ஊர் குளிருக்கு சோபா மெத்தை தைக்கற கடைல மீட்டர் கணக்குல கிடைக்கற வாடிங், அதாவது மெல்லிசு பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, போடலாம், இல்ல பழைய கம்பளி ஒண்ணு இருந்தா அத ஒரு தடவ துவைச்சு சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கவிட்டு அப்புறம் வைக்கலாம். மூணையும் தரைல சுருக்கமில்லாம விரிச்சு, நடுவுலருந்து வெளிய போற மாதிரி நாலு விரக்கடைக்கு ஒண்ணா சேஃப்டி பின் குத்திட்டு, தைக்கறதும் நடுவுலருந்தே தொடங்குங்க. ஓரத்துலருந்து தொடங்கினா துணி நடுவுல மேடு கட்டும். மிஷின்ல 14 நம்பர் ஊசி போட்டு தையல கொஞ்சம் பெருசா வெச்சுக்கோங்க, இவ்ளோ கனத்த இழுத்துப் பிடிச்சு தைக்கறது கஷ்டமா இருந்தா கையாலயே நூலோட்டம் போடுங்க, பெங்கால்ல காந்தான்னு சொல்றதும் வடகர்நாடகால கௌதின்னு சொல்றதும் பழைய புடவைய அடுக்கி கையால நூலோட்டம் போட்டதுதானே, காந்தாக்கு அந்தக் காலத்துல புடவை பார்டர்லருந்தே இழை உருவி தைச்சிருக்காங்க. கடைசில ஓரம் மடிச்சு அடிக்கறதுக்கு அம்மா புடவை பார்டரையே வெச்சுக்கோங்க, அழகாவும் இருக்கும், அடிக்கடி கை படற இடம்ங்கறதால பலமாவும் நிக்கும்.

எங்க தோட்டத்துல இலவ மரம் நாலு இருக்கு. பங்குனில காய் வெடிக்கும். அந்தப் பஞ்சையே க்வில்ட்டுக்குள்ள போடலாமா?
– போடிநாயக்கனூர் வாசகர்

தலகாணிக்குப் போடுங்க சார், அதுக்கு அத மாதிரி பஞ்சு கிடையாது. போர்வைக்கு வேண்டாம். இலவம் பஞ்சு இழை வழவழன்னு மெழுகு பூசினாப்ல இருக்கும், உள்ள வெறும் காத்து, அதனாலதான் அவ்வளவு லேசு, ஆனா அதே காரணத்தால இழைக்கு இழை பிடிப்பு இல்ல, நாலு நாள் போத்தினா ஒரு மூலைல போய்க் கட்டிக்கும், துவைச்சா கேக்கவே வேண்டாம். வீட்டுல நாய் இருந்தா இன்னொண்ணும் இருக்கு, ஓரம் கொஞ்சம் பிரிஞ்சாலும் அது வாய வெச்சு இழுக்கும், அப்புறம் வீடெல்லாம் பஞ்சுதான், அந்தத் தூசி மூச்சுக்கும் நல்லதில்ல.

அக்கா, நான் தைக்கும்போது எங்க பூனைக்குட்டி தையல் பெட்டிக்குள்ளயே கெடக்கும். நேத்து அது வாயோரம் நூல் தொங்கிச்சு, இழுத்தேன், நீளமா வந்துருச்சு. இப்போ நல்லாத்தான் விளையாடுது. பயப்படணுமா?
– கோவை வாசகி

இந்த லெட்டர படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சும்மா, இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு அன்னைக்கே உங்களுக்குத் தனியா பதில் அனுப்பிட்டோம், இங்க எழுதறது மத்தவங்களுக்கும் சேர்த்து.

பூனை நாக்குல முள்ளு முள்ளா இருக்குமே, தொட்டா சொரசொரன்னு, அதெல்லாம் தொண்டைய பார்த்து சாஞ்சிருக்கும். அதனால நூல் ஒரு தடவ நாக்குல சிக்கிச்சுன்னா அதால துப்ப முடியாது, முழுங்கத்தான் முடியும். முழுங்கின நூலோட ஒரு முனை நாக்கு அடிலயோ வயித்துலயோ மாட்டிக்கிட்டு மிச்சம் குடலுக்குள்ள போயிரும், குடல் அதத் தள்ளப் பார்க்கும், நூல் நகராது, பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்கற மாதிரி குடல் மொத்தமும் நூல் மேல சுருங்கிக்கும். விட்டா நூல் குடல அறுத்துரும். அந்த நேரத்துல நாம வாய்லருந்தோ பின்பக்கத்துலருந்தோ தொங்கற நூல பிடிச்சு இழுத்தா அறுக்கறத நாமளே பண்ணின மாதிரி ஆயிரும். அதனால யார் வீட்டுலயும் சரி, நூல் தொங்கறதப் பார்த்தா இழுக்காதீங்க, பூனைய அதே நிலைல கூடைல வெச்சு நேரா டாக்டர்கிட்ட. சாப்பாடு, எண்ணெய், வாழைப்பழம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

உங்க குட்டிக்கு நூல் முழுசா வந்துச்சா அறுந்து வந்துச்சான்னு நமக்குத் தெரியாது, நூல் முனைல ஊசி இருந்துச்சாங்கறதும் முக்கியம், பெட்டில ஊசிய எண்ணிப் பாருங்க. அடுத்த சில நாளைக்கு திரும்பத் திரும்ப வாந்தி எடுக்குதா, சாப்பாட்ட மோந்து பார்த்துட்டு போயிருதா, வயித்த குறுக்கிக்கிட்டு உக்காந்தே இருக்குதா, வெளிக்கிப் போகலயான்னு பாருங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே போயிருங்க. எக்ஸ்ரேல ஊசி தெரியும், நூல் தெரியாது, அதனால ஸ்கேன் எடுக்கச் சொன்னா யோசிக்காதீங்க.

இனிமே மூடி இறுக்கமா இருக்கற பிஸ்கெட் டின்னுக்குள்ளதான் நூலும் ஊசியும். வெட்டின நூல் துண்ட தரைல விடாம மேஜை மேல ஒரு டப்பால போடுங்க, மிஷின்ல ஊசில கோத்த நூலையும் தைச்சு முடிச்சதும் உருவி வெச்சுருங்க. ரப்பர் பேண்டு, சரிகை, பூக்கட்டற நாரு எல்லாத்துக்கும் இதே கதைதான். குட்டிக்கு தையல் ரூம்ல ஒரு அட்டைப்பெட்டி வெச்சு அதுல உங்க மிச்ச துணி ஒண்ண மடிச்சுப் போடுங்க, பெரும்பாலும் தையல் பெட்டிய விட்டுட்டு அங்க போயிரும், அதுக்கு வேண்டியது உங்க பக்கத்துல ஒரு கதகதப்பான இடம், அவ்ளோதான்.

விருதுநகர் பக்கத்துலருந்து சிப்பிப்பாறை நாய் ஒண்ண கூட்டிட்டு வந்தோம். வேலை மாத்தலாகி ஊட்டிக்கு வந்ததுலருந்து ராத்திரியெல்லாம் நடுங்குது. நாய்க்கு ஸ்வெட்டர் போடறதெல்லாம் ஆடம்பரம்னு வீட்டுக்காரர் சொல்றார். நீங்க சொல்லுங்க.
– உதகை வாசகி

வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, சிப்பிப்பாறைக்கு ஊட்டில ஸ்வெட்டர் ஆடம்பரமே இல்ல. கரிசல் காட்டு வெயில்ல முயல் துரத்தறதுக்குன்னு வளர்த்த வேட்டை நாய் அது, உடம்புல ஒட்டின குட்டை முடி, அதுக்கடில இருக்க வேண்டிய அடர்த்தியான உள்முடி கிடையாது, தோலுக்கடில கொழுப்பும் ரொம்பக் கம்மி. கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாத்துக்கும் இது பொருந்தும். உறைபனி விழற ஊர்ல அது வராண்டால சிமெண்ட் தரைல படுத்தா நடுங்காம என்ன பண்ணும், பாவம்.

ஸ்வெட்டர விட முக்கியம் படுக்கை. குளிர் மேலருந்து வர்றத விட தரைலருந்துதான் அதிகம் ஏறும், அதனால ஒரு பலகையோ பழைய கட்டிலோ போட்டு தரைய விட்டு நாலு இன்ச்சாவது தூக்கிருங்க, மேல சணல் சாக்கு, அதுக்கு மேல நாலஞ்சா மடிச்சு நூலோட்டம் போட்ட பழைய புடவை மெத்தை. ரெண்டு மெத்தையா தைச்சு வெச்சுக்கோங்க, ஒண்ணு துவைச்சுக் காயறதுக்கு உங்க ஊர்ல எப்படியும் ரெண்டு நாள் ஆகும், ஈரம் போகாதத திரும்பப் போட்டா போடாததுக்கு சமம். ராத்திரி வீட்டுக்குள்ள படுக்க விடுங்க. காலைல வாக்கிங்க வெயில் ஏறினதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க, புல்லு மேல உறைபனி இருக்கற நேரத்துல வேண்டாம். ஒல்லியான நாய்ங்கறதால சாப்பாடு கொஞ்சம் கூடலாம், எவ்வளவுன்னு எடை பார்த்துட்டு டாக்டர் சொல்வார்.

நாய்க்கு சாதாரணமாவே உடம்புச் சூடு நம்மள விட அதிகம், 101லருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கும், அதனால தொட்டுப் பார்த்து சூடா இருக்கு, குளிரலன்னு முடிவு பண்ணிராதீங்க. நடுக்கம் நின்னு போய் சோர்ந்து, கூப்பிட்டா எழுந்திருக்காம, ஈறு வெளுத்துப் போனா அது ஆபத்து, போர்வைல சுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

இன்னொண்ணு, உங்க ஊர்ல சளி பிடிச்சா நீலகிரித் தைலம்தான் மொதல்ல கைக்கு வரும். நாய் மூக்குலயோ நெஞ்சுலயோ அதத் தடவாதீங்க, அது நக்கிரும், உள்ள போனா விஷம்.

ராத்திரி ரூம்ல கரி அடுப்பு வெச்சு கதவ சாத்திட்டுத்தான் தூங்கறோம், குழந்தைங்களும் நாயும் கூடவே. சில நாள் காலைல எல்லாருக்கும் தலைவலி, நாய் வாந்தி எடுக்குது. குளிர் ஒத்துக்கலயா?
– கொடைக்கானல் வாசகி

இல்ல, இது குளிர் இல்ல. இன்னைக்கு ராத்திரிலருந்தே அத நிறுத்துங்க, தயவுசெஞ்சு. மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனை இல்ல, நிறம் இல்ல, புகையே இல்லாத நல்ல கனல்லயும் வரும். தலைவலி, வாந்தி, மயக்கம் இதுதான் அதோட மொதல் அறிகுறி, தூக்கத்துல இருக்கறவங்களுக்கு அதுவும் தெரியாது. மலைல ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சுட்டு தூங்கினவங்க காலைல எழுந்திருக்கவே இல்லங்கற செய்தி நம்ம கொடைக்கானல் கோத்தகிரி பக்கத்துலருந்தே வந்திருக்கு. நாய் வாந்தி எடுத்ததையும் உங்க தலைவலியையும் சேர்த்துப் பார்த்து எழுதினீங்களே, அது ரொம்ப நல்லதாச்சு. எல்லாரும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருங்க, காரணத்த சொல்லியே காட்டுங்க. படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி போர்வைக்குள்ள வெச்சா படுக்கை சூடாயிரும், ரெண்டு கனமான போர்வைக்கு பதிலா மூணு மெல்லிசு போர்வை போத்தினா நடுவுல நிக்கற காத்தே குளிரத் தடுக்கும்.

அக்கா, நாங்கள் டொரோண்டோ ஸ்காபரோவில இருக்கிறம். மாசி, பங்குனி எண்டாலும் இஞ்ச இன்னும் ஸ்னோதான். எங்கட நாயைக் காலமை வெளியில கூட்டிக்கொண்டு போட்டு வந்தால் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், அடியில வெடிச்சும் போச்சுது. ரோட்டில உப்புப் போடுறதாலயோ? அம்மாவுக்குத் தைச்ச க்வில்ட்டில ஏறிப் படுத்து அதையும் பழுதாக்கிறான்.
– ஸ்காபரோ வாசகி

ஆமாங்க, உப்புதான். ஐஸ் உருகறதுக்காக ரோட்டுல நடைபாதைல போடற உப்பு விரலுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும், ஐஸ் கட்டியும் முடில பிடிச்சுக்கும், ரெண்டும் சேர்ந்து தோல உலர்த்தி வெடிக்க வெச்சுரும். எரியறதால அவன் நக்கறான், நக்க நக்க உப்பு உள்ள போகுது, நிறைய போனா வாந்தி, அடங்காத தாகம்னு போகும். வாசல்லயே ஒரு பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி வெச்சு, உள்ள வந்ததும் நாலு காலையும் முக்கி எடுத்து, விரலுக்கு நடுவுல துண்டால நல்லா ஒத்தித் துடைங்க, தேய்க்க வேண்டாம். வயித்தடிலயும் துடைச்சு விடுங்க, குட்டைக் காலு நாயா இருந்தா அங்கதான் அதிகம் ஒட்டியிருக்கும். பாத முடிய மட்டமா வெட்டிவிட்டா ஐஸ் பிடிக்காது. வெளிய போறதுக்கு முன்னாடி நாய்ப் பாதத்துக்குன்னே விக்கற மெழுகு தடவலாம், பூட்ஸ் போட விட்டான்னா அத விட நல்லது எதுவும் இல்ல. வெடிப்புல ரத்தமோ சீழோ தெரிஞ்சா டாக்டர் பார்க்கணும்.

கார் இன்ஜின் தண்ணி உறையாம இருக்க ஊத்தற ஆன்டிஃப்ரீஸ், கார் நிறுத்தற இடத்துல ஒழுகி நின்னா அத அவன் நக்கவே கூடாது, அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் விரும்பி நக்கும், பூனையும் நக்கிரும், கொஞ்சம் போனாலே கிட்னி போயிரும். நக்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காம அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க, இதுல மணி நேரம் கூட கணக்கு.

அம்மாவோட க்வில்ட்டுக்கு ஒரு வழி சொல்றேன், அது மேல போடறதுக்கு மெல்லிசா ஒரு காட்டன் விரிப்பு தைச்சுருங்க, நாலு மூலைலயும் நாடா வெச்சு க்வில்ட்டோட கட்டிக்கிட்டா நழுவாது, வாரம் ஒரு தடவ அத மட்டும் மிஷின்ல போட்டா போதும். அவன படுக்காதன்னு சொல்லி நடக்கப் போறதில்ல, அம்மாவுக்கும் அவன் கால்மாட்டுல படுத்தாத்தான் தூக்கம் வரும்னு நெனைக்கறேன்.

சென்னைல குளிர் முடிஞ்சாச்சு, க்வில்ட்ட எடுத்து வைக்கணும். அந்துருண்டை போட்டு பீரோல வைக்கலாமா? வீட்டுல ரெண்டு பூனை, பீரோ திறந்தா உள்ள போயிரும்.
– சென்னை வாசகி

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதுல இருக்கற நாப்தலீன பூனை உடம்பால சமாளிக்க முடியாது, ஒரு உருண்டை உள்ள போனாலே ஆபத்து, ரத்த அணுக்கள உடைக்கும், உருட்டி விளையாடற சைஸ்ல வேற இருக்கு. கற்பூரமும் வேண்டாம். க்வில்ட்ட துவைச்சு ரெண்டு நாள் நல்ல வெயில்ல ரெண்டு பக்கமும் காயவெச்சு, சூடு ஆறினதுக்கு அப்புறம் பழைய தலகாணி உறைக்குள்ள போட்டு வைங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டா உங்க ஊர் ஈரக்காத்துக்கு உள்ள பூஞ்சை பிடிச்சுரும். வேப்பிலைய நிழல்ல உலர்த்தி துணில முடிஞ்சு கூட வெச்சா போதும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து மடிப்ப மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல இருந்தா அந்த இடத்துலதான் பழைய துணி விட்டுப் போகும்.

எங்க லேப்ரடாருக்கு 13 வயசு. விடியக்காலைல எழுந்திருக்க ரொம்ப சிரமப்படறான், டைல்ஸ்ல கால் வழுக்குது. வலி மாத்திரை வீட்டுல இருக்கறதக் கொடுக்கலாமா?
– ஈரோடு வாசகர்

கொடுக்காதீங்கய்யா. நாம தலைவலிக்குப் போடற ஐபுப்ரொஃபேன் நாய்க்கு வயித்துல புண்ணு பண்ணி கிட்னியக் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு தப்பினா ஈரல் போயிரும், பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரை உயிரயே எடுத்துரும். வயசான நாய்க்கு மூட்டு தேய்மானத்துக்குன்னு தனி மருந்து இருக்கு, எடைய பார்த்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர் எழுதிக் கொடுப்பார். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ரொம்ப தூரம் இல்ல, ஒரு தடவ முழுசா காட்டிட்டு வாங்க.

வீட்டுல நீங்க பண்ண வேண்டியது, அவன் நடக்கற பாதை முழுக்க பவானி ஜமுக்காளத்த விரிச்சுருங்க, உங்க பக்கத்து ஊர்தானே, கெட்டி நெசவு, நகம் பிடிச்சு நிக்கும், துவைச்சாலும் ஒண்ணும் ஆகாது. அடில வழுக்காம இருக்க ரப்பர் மேட்டு வேணும். சாப்பாட்டுக் கிண்ணத்த முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல வைங்க, குனியற வலி மிச்சம். எடை அதிகமா இருந்தா குறைக்கணும், லேப் எல்லாம் பாசத்துல கொடுக்கற பிஸ்கெட்லயே குண்டாயிரும், மூட்டு தாங்காது. காலைல எழுப்பறதுக்கு முன்னாடி ஒரு துணிய வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, உங்க முழங்கைல வெச்சு சூடு பார்த்துட்டு, இடுப்பு மேலயும் பின்னங்கால் மேலயும் அஞ்சு நிமிஷம் போட்டு மெதுவா நீவி விடுங்க, அவனே எழுந்திருக்கற வரைக்கும் அவசரப்படுத்தாதீங்க. 13 வயசு வரைக்கும் வந்திருக்கான்னா நீங்க நல்லாத்தான் பார்த்திருக்கீங்க.

சுங்குடிப் புடவை பீஸ் போட்டு தைச்ச போர்வைய மொதல் தடவ துவைச்சேன், சிவப்பு சாயம் வெள்ளை பீஸெல்லாம் இறங்கிருச்சு.
– மதுரை வாசகி

இன்னும் ஈரமா இருந்தா வழி இருக்கு, காயவிடாதீங்க, இஸ்திரி போட்றவே போட்றாதீங்க, சூடு பட்டா கறை நின்னுரும். பெரிய டப்பு நிறைய தண்ணி பிடிச்சு, சோப்புத்தூள் கொஞ்சம் கலந்து போர்வைய முழுசா முங்க வைங்க, தண்ணி கலங்கினதும் மாத்துங்க, தெளியற வரைக்கும் மாத்திக்கிட்டே இருங்க. தண்ணி நிறைய இருந்தாதான் இறங்கின சாயம் துணில திரும்ப ஏறாம தண்ணிலயே போகும். அடுத்த தடவ வெட்டறதுக்கு முன்னாடியே ஈரமான வெள்ளைத் துணிய சிவப்பு மேல வெச்சு அழுத்தி தேய்ச்சுப் பாருங்க, நிறம் ஒட்டுச்சுன்னா அந்தப் புடவைய ரெண்டு மூணு தடவ தனியா துவைச்சுட்டுத்தான் கத்தரியே எடுக்கணும்.

நாய்க்கு உண்ணி இப்பவே வர ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல பூனையும் இருக்கு.
– திருச்சி வாசகி

வெயில் ஏற ஏற இன்னும் வரும், அதனால இப்பவே பிடிச்சுக்கறது நல்லது. நாய்க்குப் போடற மருந்து டப்பால பெர்மெத்ரின்னு எழுதியிருந்தா அது பூனைக்கு உயிராபத்து, நாய் மேல தடவினது காயறதுக்குள்ள பூனை அத உரசிப் படுத்தாலும் போதும். அதனால கடைல கேட்டு வாங்காம டாக்டர்கிட்ட பூனை இருக்குன்னு சொல்லியே மருந்து கேளுங்க. உண்ணி நாய் மேல இருக்கறத விட சுவர் இடுக்குலயும் படுக்கை மடிப்புலயும்தான் ஜாஸ்தி, ரத்தம் குடிச்ச உண்ணி இறங்கிப் போய் அங்கதான் ஆயிரக்கணக்குல முட்டையிடும். நாய் போர்வைய கொதிக்கற தண்ணில ஊறவெச்சு துவைச்சு மொட்டை மாடில உச்சி வெயில்ல போடுங்க, சுவர் விரிசல பூசிருங்க. நாய் சாப்பிடாம காய்ச்சலடிச்சு ஈறு வெளுத்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க.

எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படிக்கு அடில தெரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கு, இன்னும் கண்ணு திறக்கல. ராத்திரி பனில சுருண்டு கெடக்குது. க்வில்ட் தைச்ச மிச்ச துணி நிறைய இருக்கு, என்ன பண்ணலாம்?
– தாம்பரம் வாசகி

நல்ல மனசும்மா உங்களுக்கு. பொறந்து மொதல் ரெண்டு மூணு வாரம் குட்டிங்களால தன் உடம்பு சூட்ட தானே காப்பாத்திக்க முடியாது, தாய் மேல ஒட்டி, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத்தான் சமாளிக்கும், அதனால படுக்கை நிஜமாவே உசுரக் காப்பாத்தற விஷயம். அடில மடிச்ச அட்டைப்பெட்டி, மேல சணல் சாக்கு, அதுக்கு மேல உங்க மிச்ச துணிய ரெண்டு மூணு அடுக்கா வெச்சு கட்டம் கட்டமா நெருக்கமா தையல் போட்டு மெத்தையா ஆக்கிருங்க. துண்டு துண்டா அப்படியே போடாதீங்க, பிசிறு நூல் குட்டி கால்லயும் கழுத்துலயும் சுத்திக்கும், துணிக்கடில குட்டி மாட்டிக்கிட்டா தாய் தெரியாம மேல படுத்துரும். வாடிங் பஞ்சு வேண்டாம், நனைஞ்சா காயாது. மூணு பக்கம் காத்து வராம அட்டை வெச்சு மறைங்க, ஒரு பக்கம் தாய் போக வர திறந்தே இருக்கட்டும்.

தாய் உங்கள நம்பற வரைக்கும் குட்டியத் தூக்காதீங்க. அது சாப்பிட எழுந்து போற நேரம் பார்த்து படுக்கைய மாத்திருங்க. குட்டிக்கு பசும்பால் ஊத்த வேண்டாம், பேதி ஆகும், தாய்க்கு சாப்பாடு போடுங்க, சோத்தோட வேகவெச்ச கோழியோ முட்டையோ பிசைஞ்சு ஒரு நாளைக்கு மூணு வேளையாவது, பக்கத்துலயே தண்ணி, பால் குடுக்கற தாய்க்கு தண்ணி எப்பவும் இருக்கணும். ரெண்டு வாரத்துல கண்ணு திறந்துரும். ஆறுலருந்து எட்டு வாரத்துல பார்வோ, டிஸ்டெம்பர்ங்கற நாய் நோய்களுக்கு மொதல் தடுப்பூசி, அதுக்கப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ 16 வாரம் வரைக்கும், மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி. அதுக்குள்ள குட்டிங்களுக்கு வீடு தேட ஆரம்பிச்சுருங்க, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போடுங்க, கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஆளுக்கொரு மெத்தையும் தைச்சுக் குடுத்துருங்க, அதே வாசனை இருந்தா புது வீட்டுல மொதல் ராத்திரி அழறது குறையும். தாய்க்கு பால் நின்னதும் மாநகராட்சி கருத்தடை மையத்துக்கு சொல்லி ஆபரேஷன் பண்ணிருங்க, இல்லன்னா அடுத்த ஈத்து சீக்கிரமே வந்துரும்.